41 முறை சார்ஜ் ஆன புது லேப்டாப்

"லேப்டாப்பெல்லாம் தாய்மாமன் சீர்ல சேருமுங்களா மாமா?" என்று அக்கா மகள் போனில் கேட்டபோதே தெரிந்துவிட்டது, இந்த ஆடியில் என் பர்ஸுக்கு வேட்டு என்று. காதுகுத்துக்கு மடியில் உட்கார வைத்தவன், சீர்த்தட்டு தூக்கியவன், இதற்கு மட்டும் எப்படிப் பின்வாங்குவது. வீட்டில் எல்லோரும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். 18 வயதாகிவிட்டது, இனிமேல் அப்படிக் கூப்பிடக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறாள். யாரும் மதிப்பதில்லை.

இது 2024 ஆடியில் நடந்தது. பொறியியல் கவுன்சிலிங் அப்போதுதான் ஓடிக்கொண்டிருந்தது, எப்படியும் கோயம்புத்தூரில் ஏதோ ஒரு கல்லூரியில் இசிஇ கிடைத்துவிடும் என்ற கணக்கில் சீட்டு வருவதற்கு முன்பே லேப்டாப் வாங்கும் வேலை தொடங்கிவிட்டது. இவள் அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசாங்க லேப்டாப் கிடைத்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம், மூடியில் ஜெயலலிதா படம் இருக்கும், அதில்தான் அவன் டிகிரி முழுவதையும் முடித்தான். பாப்பாவின் செட்டுக்கு அது வரவில்லை. அதனால் மாமா.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். டேலி, எக்செல், வருஷத்துக்கு ஒரு தடவை ஆடிட்டர் முன்னால் திருதிரு முழி, இதுதான் என் கம்ப்யூட்டர் அறிவு. என் பட்ஜெட் 35,000, மனசுக்குள் 40,000 வரை போகலாம் என்று வைத்திருந்தேன், வெளியே சொல்லவில்லை.

ஆடி 18க்கு இரண்டு நாள் முன்னால் பேப்பரில் முழுப்பக்க விளம்பரம். பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடை, பெயர் வேண்டாம், எல்லா ஊரிலும் கிளை வைத்திருப்பவர்கள். 'லேப்டாப் 17,990 முதல்' என்று உள்ளங்கை அகலத்துக்கு எழுத்து. 'முதல்' மட்டும் கடுகு அளவில். அதற்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி, அந்த நட்சத்திரத்துக்குரிய விளக்கம் பக்கத்தின் அடியில், அதைப் படிக்க என் மூக்குக் கண்ணாடி போதாது. அந்த வருஷம் ஆடிப் பெருக்கு ஆகஸ்ட் 3, சனிக்கிழமை. அக்கா சிங்காநல்லூரில் இருக்கிறாள். காலையிலேயே பஸ் ஏறி, அவள் வீட்டில் சித்ரான்னமும் பாயசமும் சாப்பிட்டுவிட்டு, பாப்பாவைக் கூட்டிக்கொண்டு காந்திபுரம் போனேன். ஆடியில் புதுசு வாங்கமாட்டார்கள் என்பதால்தான் தள்ளுபடியே பிறந்தது, ஆனால் ஆடி 18 மட்டும் விதிவிலக்கு, அன்று வாங்குவது பெருகும் என்பார்கள். ஊரே அதை நம்பிக் கிளம்பி வந்திருந்தது. வாஷிங் மெஷின் பக்கம் போகவே முடியவில்லை.

விளம்பரத்து 17,990 லேப்டாப்பைத் தேடிக் கண்டுபிடிக்கவே பத்து நிமிஷம் ஆனது. வாசலில் இருப்பதெல்லாம் 60,000, 80,000. நம்ம ஆள் கடைசி வரிசையில், பிரின்டருக்குப் பக்கத்தில், சார்ஜர்கூட மாட்டாமல் கிடந்தது. பாப்பா ஆன் செய்தாள். ஆன் ஆகும் என்று காத்திருந்தோம். பக்கத்தில் ஒரு குடும்பம் மிக்ஸி வாங்கி பில்லே போட்டுவிட்டது. ஒருவழியாகத் திரை வந்ததும் அவள் பிரவுசரைத் திறந்து, அப்புறம் இன்னொரு டேப், அப்புறம் இன்னொன்று என்று மூன்று திறந்தாள், மூன்றாவதில் அம்புக்குறி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

"இன்டெல் செலரான் என்4500 மாமா. மூளை மாதிரி வேலை செய்யுற கோர் ரெண்டே ரெண்டு. 4 ஜிபி ரேம், 128 ஜிபி இஎம்எம்சி."

இஎம்எம்சி என்றால் என்ன என்று கேட்டேன். மலிவு போனில் இருக்கும் அதே வகை நினைவகம், போர்டிலேயே ஒட்டிவிடுவார்கள், நல்ல எஸ்எஸ்டியின் வேகம் வராது, நாளைக்குப் போதவில்லை என்றால் கழற்றி மாற்றவும் முடியாது என்றாள். விண்டோஸ் 11 ஓட மைக்ரோசாப்ட் சொல்லும் குறைந்தபட்சமே 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும்தான். ஓடும் என்பதற்கும் ஓட்டலாம் என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த மூன்றாவது டேபில் பார்த்தேன். சின்னப் பிள்ளைகள் படம் பார்க்க, ஆன்லைன் வகுப்பில் முகம் காட்ட என்றால் சரி. நான்கு வருஷ இன்ஜினியரிங்குக்கு அது ஆகாது. அது விற்பதற்காக வைத்த லேப்டாப் அல்ல, நம்மை கடைக்குள் இழுப்பதற்காக வைத்த லேப்டாப்.

அப்போதுதான் சட்டைகளைக் கவனித்தேன். இதை யாரும் எனக்கு முன்னால் சொன்னதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கடைக்குள் நுழைந்ததும் "வாங்க சார், என்ன பாக்கறீங்க" என்று வருகிற பையன்கள் எல்லாரும் கடையின் ஆள்கள் என்றுதான் நினைத்திருந்தேன். பாதிப்பேருக்கு மேல் அப்படி இல்லை. நீலச் சட்டைக்காரன் ஒரு பிராண்டின் ஆள், சிவப்பு டீசர்ட் இன்னொரு பிராண்டு, கழுத்தில் அட்டை மாட்டி ஓரத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் ஃபைனான்ஸ் கம்பெனி. சம்பளம், டார்கெட் எல்லாம் அவரவர் கம்பெனியில் இருந்து. கடையின் சொந்த ஆள் என்று பார்த்தால் பில் போடுகிறவரும், ஃப்ளோர் மேனேஜரும், குடோனில் இருந்து பெட்டி தூக்கி வருபவரும்தான். அதனால் நீலச் சட்டையிடம் போய் "எது தம்பி நல்லது" என்று கேட்டால் அவன் தன் பிராண்டைத்தான் காட்டுவான், அது பொய் என்று சொல்லமாட்டேன், அது அவன் சோறு. ஆனால் ஒருவனிடம் அடுத்தவன் பிராண்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், அருமையான தகவல் எல்லாம் கொட்டும். எங்களுக்குக் கிடைத்த உருப்படியான விஷயங்கள் பாதி அப்படித்தான் கிடைத்தன.

உதாரணத்துக்கு, சிவப்பு டீசர்ட் பையன் 35,990க்கு ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 சிப் போட்ட ஒன்றைக் காட்டினான். "ரைசன் 5 சார், ஐ5க்கு சமம், 7000 சீரிஸ், லேட்டஸ்ட்." எனக்குக் கேட்க நன்றாக இருந்தது. 5 என்பது 3ஐ விடப் பெரிசு, 7000 என்பது 5000ஐ விடப் பெரிசு, ஒரு கணக்கனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும். பாப்பா ஸ்டிக்கரைக் குனிந்து பார்த்துவிட்டு, "7520யு" என்றாள், அத்தோடு அந்தப் பக்கம் போய்விட்டாள். பின்னாலேயே போய் என்ன ஆச்சு என்று கேட்டால், அந்த நான்கு எண்ணில் மூன்றாவதாக இருப்பதைத்தான் பார்க்க வேண்டுமாம். முதல் எண் 7 என்பது 2023ஆம் வருஷ மாடல் என்று அர்த்தம். மூன்றாவது எண் 2, அதாவது உள்ளே இருப்பது ஜென் 2 வடிவமைப்பு. அது 2019ல் வந்தது. பழைய நூலில் தைத்துப் புது சீசன் லேபிள் போட்ட மாதிரி என்று எனக்குப் புரிகிற மொழியில் சொல்லிக்கொண்டேன். மோசமான சிப் என்று சொல்லவில்லை, சாதாரண வேலைக்குத் தாராளமாகப் போதும், பேட்டரியையும் கம்மியாகத்தான் குடிக்கும். ஆனால் அதில் ரேம் போர்டோடு ஒட்டி வருகிறது. 8 ஜிபி என்றால் கடைசி வரைக்கும் 8 ஜிபிதான்.

நீலச் சட்டைதான் அதற்கு நேர் பின்னால் இருந்த ஒன்றைக் காட்டினான். இன்டெல் ஐ3-1215யு, 12ஆம் தலைமுறை, 2022ல் வந்த சிப். ஐ3 என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது, என் ஆபீஸ் சிஸ்டமே ஐ3தான், அது படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் இந்த ஐ3ல் ஆறு கோர், வேகத்துக்கு இரண்டு, சில்லறை வேலைக்கு நான்கு. அந்த ரைசன் 5ல் மொத்தமே நான்கு. பெயரில் இருக்கும் 3, 5ஐ மட்டும் வைத்து முடிவு செய்திருந்தால் நான் தப்பாகத்தான் எடுத்திருப்பேன். 8 ஜிபி டிடிஆர்4 ரேம், கூடவே இன்னொரு ரேம் போட ஒரு ஸ்லாட் காலி, 512 ஜிபி எஸ்எஸ்டி, எம்எஸ் ஆஃபிஸ் கூடவே வருகிறது. அட்டையில் 36,990. பெட்டி எம்ஆர்பி 54,999, அதைச் சிவப்பில் அடித்திருந்தார்கள். லேப்டாப் எம்ஆர்பி என்பது அடிப்பதற்காகவே அச்சடிக்கப்படும் எண் என்று நான் நினைக்கிறேன், அந்த விலைக்கு யாராவது வாங்கி இதுவரை பார்த்ததில்லை.

திரையை மட்டும் நான் பார்த்தேன். அது என் ஏரியா. போனில் எப்போதும் நாலைந்து லேப் டிப் போட்டோ வைத்திருப்பேன், சாயப்பட்டறையில் இருந்து பையர் ஒப்புதலுக்கு வரும் சின்னச் சின்னத் துணித் துண்டுகள். அதில் நல்ல ரத்தச் சிவப்பு ஒன்றை பாப்பாவுக்கு மெயில் அனுப்பி, அதை அந்த லேப்டாப்பில் திறக்கச் சொன்னேன். செங்கல் நிறம். பக்கத்தில் 70,000 ரூபாய் லேப்டாப்பில் திறந்தால் சிவப்பு சிவப்பாகவே இருந்தது. "இந்த விலைக்கு இப்படித்தான் மாமா, 45 சதவீதம்தான் கலர் காட்டும்" என்றாள். அவள் துணிக்கு சாயம் பார்க்கப் போவதில்லை, சர்க்யூட் வரையப் போகிறாள். ஆனால் மூடியை மெதுவாகப் பின்னால் சாய்த்துப் பார்த்தோம், நேராக இல்லாமல் கீழிருந்து பார்த்தாலும் படம் நெகட்டிவ் மாதிரி மாறவில்லை. ஐபிஎஸ் திரை. பழைய டிஎன் திரையாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து பார்க்கவே முடியாது. சரி, இதுதான் என்று முடிவானது.

பேரம். பெரிய கடையில் பேரம் பேச முடியாது, பார்கோடு அடித்தால் வருவதுதான் விலை என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன். முடியும். ஆனால் விலையைக் குறை என்று கேட்டால் நடக்காது, ஒவ்வொன்றாக வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். முதலில் ஃபைனான்ஸ் மேசைக்கு அழைத்துப் போனார்கள். வட்டியில்லா இஎம்ஐ. தவணை ஒன்பதோ பத்தோ, பிராசசிங் கட்டணம் தனி. கிரெடிட் கார்டில் போட்டால் வட்டி என்று ஒன்று காட்டி அதைத் தள்ளுபடி செய்வார்கள், ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டியை நம்மிடம்தான் வாங்குவார்கள். கடன் இல்லாமல் கட்டுகிறேன், என்ன விலை என்று கேட்டேன். 500 குறைந்தது. எக்ஸ்டென்டட் வாரண்டி இரண்டு வருஷம் 4,999, வேண்டாம். ஆன்டிவைரஸ் 999, விண்டோஸிலேயே டிஃபென்டர் இருக்கிறதாம், வேண்டாம். கீழே போட்டு உடைத்தால் காப்பீடு 2,499, இதில் மட்டும் கொஞ்சம் யோசித்தேன், பாப்பாவின் போன் திரை மூன்று தடவை உடைந்தது. அவள் முறைத்ததால் வேண்டாம். பேக், மவுஸ் காம்போ 1,499 என்றபோது, "ஏந்தம்பி, நேத்து வரைக்கும் பேக் சும்மா குடுத்துட்டு இருந்தீங்கல்ல" என்று அடித்துவிட்டேன். நேற்று நான் திருப்பூரில் இருந்தேன். பையன் ஃப்ளோர் மேனேஜரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான், இன்னொரு தடவை போய் வந்தான். கடைசியில் 35,490, பேக் இலவசம்.

பில் போடும்போது என் முதலாளி போன். விஷயத்தைச் சொன்னதும், "நம்ம கம்பெனி ஜிஎஸ்டி நம்பர்ல போடுய்யா, இன்புட் எடுத்துக்கலாம்" என்றார். அதாவது இதில் கட்டிய வரியைக் கம்பெனி கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது. 35,490ல் ஜிஎஸ்டி மட்டும் 5,414 ரூபாய், மனக்கணக்கிலேயே வந்துவிட்டது. மருமகள் படிக்கிற லேப்டாப்புக்குக் கம்பெனி இன்புட் எடுத்தால் ஆடிட்டர் முன்னால் திருதிரு முழிப்பது நான்தானே. பாப்பா பெயரிலேயே போடச் சொன்னேன்.

பெட்டி வந்தது. "கடைசி பீஸ் சார், உங்களுக்காக எடுத்து வச்சேன்" என்றான். இந்த இடத்தில் நான் விழித்திருக்க வேண்டும். ஆறரை மணி, காலெல்லாம் வலி, ஒரு டீ கிடைத்தால் போதும் என்று இருந்தது. பிளேடால் டேப்பைக் கிழித்தான், டேப்புக்கு அடியில் இன்னொரு டேப் இருந்தது. லேப்டாப் நுரை உறையில் பத்திரமாக இருந்தது. சார்ஜர் வயரைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்டு, பூக்கடையில் பொட்டலத்துக்குப் போடுகிற சிவப்பு ரப்பர் பேண்டு. ஆன் செய்தான், விண்டோஸ் முதலில் இருந்து தொடங்குகிற திரை வந்தது, நாடு எது, கீபோர்டு எது என்று கேட்டது. அதுவே புதுசு என்பதற்கு அத்தாட்சி என்று நினைத்துவிட்டோம். கையைத் தூக்கும்போது டச்பேடுக்குப் பக்கத்தில் விரல் லேசாக ஒட்டியது. "ஸ்டிக்கர் பசை சார், துடைச்சா போயிடும்." போயிடும் என்று நானும் நம்பினேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு பாப்பா எல்லாம் ஏற்றிக்கொண்டிருந்தாள், நான் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தேன். 512 ஜிபி என்று வாங்கியதில் 476 தான் காட்டியது, 36 ஜிபியை அடித்துவிட்டார்கள் என்று நான் கத்த, கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது, டிஸ்க் ஒன்றுதான் என்று பொறுமையாக விளக்கினாள். அந்த அவமானத்தில் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் பேச்சு நின்றது. அடியில் இருந்த சீரியல் நம்பரைப் பிராண்டின் வலைத்தளத்தில் போட்டு வாரண்டி பார்த்திருக்கிறாள். 2025 ஆகஸ்ட் வரை இருக்க வேண்டியது, 2025 ஏப்ரல் 8 என்று காட்டியது.

"மாமா, இது ஏப்ரல்லயே ஆன் ஆயிருக்குதுங்க."

ஆலையில் இருந்து அனுப்பிய தேதியாக இருக்கும், சில சமயம் அப்படித்தான் கணக்குத் தொடங்கும், பில்லை அனுப்பினால் மாற்றிக் கொடுப்பார்கள் என்று அவளே சொன்னாள். ஆனால் நிம்மதி இல்லாமல் கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து ஒரு வரி அடித்தாள், பவர்சிஎஃப்ஜி என்று தொடங்கும் கட்டளை, பேட்டரியின் ஜாதகத்தை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடும். ஆலையில் செய்தபோது பேட்டரியின் கொள்ளளவு 41,040 மில்லிவாட்-மணி. இப்போது முழுசாக நிரப்பினால் 39,512. அதற்குக் கீழே சைக்கிள் கவுண்ட், 41.

ஒரு சைக்கிள் என்பது ஒரு முழு பேட்டரி அளவு காலியாகி நிரம்புவது. சாயங்காலம் கடையில் பெட்டி பிரித்த லேப்டாப்பில் அது 0 இருக்கலாம், 1 இருக்கலாம். 41 இருக்க வாய்ப்பே இல்லை. விண்டோஸை எத்தனை தடவை அழித்துப் புதிதாகப் போட்டாலும் இந்த எண் அழியாது, அது பேட்டரிக்குள்ளேயே இருக்கிறது. அப்போதுதான் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது: இரண்டு டேப், ரப்பர் பேண்டு, பசை. ஷோரூமில் காட்சிக்கு வைக்கும் லேப்டாப்பில் யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க, அலாரம் வயரோடு ஒரு சென்சாரை ஒட்டி வைத்திருப்பார்கள் இல்லையா, அந்த இடம்தான் விரலில் ஒட்டியது. காட்சிக்கு வைத்தால் எப்போதும் சார்ஜில்தானே இருக்கும், எப்படி 41 என்று எனக்கு ஒரு சந்தேகம். இரவில் கடையை மூடும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார்கள், லேப்டாப் இரவெல்லாம் பேட்டரியில் கிடந்து மறுநாள் காலையில் மறுபடி ஏறும், நான்கு மாசத்தில் 41 என்பது சரியாக இருக்கும் என்றாள். ஈபி கணக்குப் பார்ப்பவள் மாதிரி சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி காந்திபுரம். நீலச் சட்டை எங்களைப் பார்த்ததும் வேறு பக்கம் போனான். முதலில் பில் கவுண்டரில் சொன்ன வாசகம், "ஓபன் பண்ணிட்டா ரிட்டர்ன் இல்லீங்க, சர்வீஸ் சென்டர் போங்க." பில்லின் பின்னாலும் அச்சடித்திருந்தார்கள், விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது. சர்வீஸ் சென்டரில் என்ன சொல்வது, லேப்டாப் நன்றாக ஓடுகிறது, ஆனால் பழசு என்றா? ஃப்ளோர் மேனேஜர் வந்தார். நல்ல மனுஷன் மாதிரிதான் இருந்தார். "ஃபேக்டரியிலேயே டெஸ்ட் பண்ணுவாங்க சார்" என்றார். 41 தடவையா என்று பாப்பா கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை.

நான் இந்த மாதிரி இடங்களில் சத்தம் போடுகிற ஆள் இல்லை. பில்லை மேசையில் விரித்து, "இதுல டிஸ்ப்ளே பீஸ்னு எங்கங்க போட்டிருக்கு?" என்று மட்டும் கேட்டேன். மூன்று தடவை வேறு வேறு ஆள்களிடம் அதே கேள்வி, அதே குரலில். பாக்கித் தொகை வசூலிக்கும் பழக்கம், இருபது வருஷ அனுபவம். பாப்பா பக்கத்தில் நின்று போனைப் பார்த்துக்கொண்டே, 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன், ஞாயிற்றுக்கிழமை எடுப்பாங்களா தெரியல மாமா என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். 2019 நுகர்வோர் சட்டத்தில் குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதே முறையற்ற வணிகம் என்று இருக்கிறது, பில்லில் கெடு போடவில்லை என்றால் 30 நாள் என்றும் இருக்கிறது. அதை நாங்கள் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. பில் போட வந்த இரண்டு குடும்பம் நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நின்றது, அதுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். மேனேஜர் எங்களை உள்ளே கூட்டிப்போய் டீ சொன்னார்.

இரண்டு வழி வைத்தார். ஒன்று, சேலம் கிளையில் பெட்டி பிரிக்காத ஒன்று இருக்கிறது, வியாழக்கிழமை வரும், மாற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் இதையே வைத்துக்கொள்ளுங்கள், டிஸ்ப்ளே விலை போட்டுத் தருகிறேன், 2,000 குறைத்து. நான் சேலத்துப் பெட்டிக்குத் தலையாட்டப் போனேன். பாப்பா காலை மிதித்தாள்.

வெளியே வந்து பேசிவிட்டு வருகிறோம் என்று மாடிப்படியில் நின்று ஒரு சின்ன மாநாடு. பேசியது பாப்பாதான். பேட்டரி 96 சதவீதம் இருக்கிறது, அது ஒன்றும் இழப்பே இல்லை, நாமே நான்கு மாசம் ஓட்டினால் இப்படித்தான் இருக்கும். கீபோர்டு, திரை, போர்ட் எல்லாம் நேற்று இரவே பார்த்துவிட்டேன். ஆஃபிஸ் முதலில் எந்தக் கணக்கில் பதிவாகிறதோ அதோடு ஒட்டிக்கொள்ளும், அதுவும் என் பெயரில் பதிவாகிவிட்டது. வாரண்டித் தேதியை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதும். "ஆனா ரெண்டாயிரத்துக்கு ஒத்துக்காதீங்க. அஞ்சு கேளுங்க." 18 வயசுப் பிள்ளை.

ஐந்து கேட்டேன். மூன்று என்றார். டீயைக் குடித்து முடித்தோம், அவர் யாருக்கோ போன் செய்தார், 3,500ல் நின்றது. ஆக 31,990. வித்தியாசத்துக்கு கிரெடிட் நோட் போட்டுப் பணமாகவே கொடுத்தார்கள். பில்லில் டிஸ்ப்ளே பீஸ் என்று கையால் எழுதி சீல் வைக்கச் சொன்னேன், வாரண்டி முழு ஒரு வருஷம் பில் தேதியில் இருந்து என்றும் எழுதச் சொன்னேன். அவர்கள் மாற்றுவார்கள் என்று காத்திருக்காமல் பாப்பாவே அன்று மாலை பில்லைப் போட்டோ எடுத்து பிராண்டின் வலைத்தளத்தில் ஏற்றிவிட்டாள். ஒன்பது நாளில் ஆகஸ்ட் 2025 என்று மாறியது.

அந்த 3,500ல் 1,650 எடுத்து, 8 ஜிபி டிடிஆர்4 ரேம் ஒன்று, கிராஸ்கட் ரோடு பக்கம் சந்துக்குள் இருக்கிற ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கடையில் வாங்கினோம். கடைக்கார அண்ணன் பின்மூடியைத் திறந்து, காலி ஸ்லாட்டில் அழுத்தி, பத்து நிமிஷத்தில் மூடிக் கொடுத்தார், கூலி வேண்டாம் என்றார். 16 ஜிபி. பெரிய கடையில் இதே மாடல் 16 ஜிபியோடு 43,990 என்று எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. மிச்சம் 1,850ல் ஆளுக்கு ஒரு பிரியாணி போக மீதியை அக்கா வாங்கிக்கொண்டாள். எதற்கு என்று கேட்டதற்கு, லேப்டாப் மேல் போர்த்த ஒரு கவர் தைக்கவாம். டிவி ரிமோட்டுக்கே பாலித்தீன் கவர் போட்டு வைத்திருக்கும் வீடு.

பசைதான் போகவில்லை. தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தோம், அப்புறம் எங்கள் கம்பெனி செக்கிங் செக்‌ஷனில் துணிக்கறை எடுக்கிற திரவத்தைக் கொஞ்சம் பஞ்சில் தொட்டுக் கொண்டுவந்து தேய்த்தேன். பிசுபிசுப்பு போய்விட்டது, ஆனால் பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சதுரம் மங்கலாகத் தெரிகிறது. செப்டம்பரில் கல்லூரி திறந்ததும் பாப்பா அதன் மேல் டிபார்ட்மென்ட் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டாள். கொஞ்சம் கோணலாக.